வீட்டுக் கணினிக்கு எந்த இயங்குதளம்? வல்லார்பாடத்திலிருந்து ஒரு கணக்கு

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றுபோயின. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த அவ்வியங்குதளம் பத்தாண்டுகளுக்கு மேலாக நம் வீடுகளிலும் கடைகளிலும் உழைத்திருக்கிறது. குறித்த நாளுக்கு மறுநாளும் கணினி வழக்கம்போலவே திறந்தது. கோப்புகள் இருந்த இடத்தில் இருந்தன. இணைய வங்கிச் சேவையும் நடந்தது. கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் குறையாததால் பலரும் அந்த நாளைக் கவனிக்கவே இல்லை. கவனித்தவர்களோ, வங்கிக்கு வரும்போது நம்மிடமே கேட்கிறார்கள்: புதுக் கணினி வாங்கத்தான் வேண்டுமா? பழையதிலேயே வேறு இயங்குதளத்தை ஏற்றினால் போதாதா? ஏற்றினால் வங்கிக் கணக்கு அதில் திறக்குமா?

இக்கேள்விகளுக்குக் கொச்சியிலிருந்து விடை தேடுவதில் ஒரு பொருத்தம் உண்டு. வேம்பநாட்டுக் காயலுக்கு நடுவே கிடக்கும் வல்லார்பாடம் தீவுக்கு எர்ணாகுளத்திலிருந்து கோஸ்ரீ பாலங்கள் வழியே செல்லவேண்டும். அப்பாலங்கள் கட்டப்படும்வரை படகு ஒன்றே வழி. மாதா பேராலயத்தால் நெடுங்காலமாகப் பெயர்பெற்றிருந்த அத்தீவில் 2011 பிப்ரவரி 11 அன்று பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. பெட்டகங்களை எந்தக் கப்பலிலிருந்து இறக்கி எந்த அடுக்கில் வைப்பது என்பதைக் கணினிகளே நிருவகிக்கும் இடம் அது. அதே தீவிலும், காயலுக்கு அக்கரையிலுள்ள மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளிலும் உள்ள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினிப் பாடம் கற்பது விண்டோஸில் அன்று; குனு/லினக்ஸில். இயங்குதளத்தைத் தெரிந்தெடுக்கும் வினாவை ஒரு மாநிலமே இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எதிர்கொண்டு முடிவெடுத்தது இங்கேதான்.

கேரளத்தின் கதைக்குப் போகுமுன், வங்கிக்காரர்களாகிய நம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவது முறை. விண்டோஸ் எக்ஸ்.பி. இயங்குதளத்திற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது. அந்நாளில் நாட்டின் பணம் வழங்கும் இயந்திரங்களில் மிகப் பல அதைக்கொண்டே இயங்கிவந்தன. ஏ.டி.எம். என்பது இரும்புப் பெட்டிக்குள் அமர்ந்த ஒரு கணினிதான் என்பதை வாடிக்கையாளர் அறிவதில்லை. அவர் அறிவது, அட்டையைச் செருகினால் பணம் வருகிறது என்பது மட்டுமே. ஆதரவு முடிந்த பின்னும் பணம் வந்துகொண்டே இருந்தது. அதனால் மாற்றம் மெல்ல நடந்தது. இறுதியில் இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 அன்று ஒரு சுற்றறிக்கையில் காலக்கெடுவை விதித்தது. 2018 செப்டம்பருக்குள் குறைந்தது 25 விழுக்காடு இயந்திரங்களும், டிசம்பருக்குள் 50 விழுக்காடும், 2019 மார்ச்சுக்குள் 75 விழுக்காடும், ஜூனுக்குள் அனைத்தும் ஆதரவுள்ள இயங்குதளத்திற்கு மாறவேண்டும். அதற்கும் முன்பாக, 2018 ஆகஸ்டுக்குள், யு.எஸ்.பி. துளைகளை முடக்கவேண்டும், தானாக நிரல் தொடங்கும் வசதியை நிறுத்தவேண்டும், தொடக்கநிலை அமைப்புக்குக் கடவுச்சொல் இடவேண்டும்.

ஆதரவு முடிந்தது என்பதன் பொருளை இந்தச் சுற்றறிக்கை தெளிவாக்குகிறது. நிரலில் புதிதாக ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைப்பதற்கு இனி எவரும் வரமாட்டார் என்பதே அது. ஓட்டை இன்றே கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் புதிய பதிப்புகளுக்கு வெளியாகும் திருத்தமே, பழைய பதிப்பில் எங்கே ஓட்டை இருக்கக்கூடும் என்பதைத் திருடனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. பூட்டு மாற்றாத வீட்டின் முகவரியை நாமே தெருவில் ஒட்டிவைப்பதற்கு ஒப்பானது இது.

கேரளம் இதை நேரில் கண்டது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய 'வான்னக்ரை' என்னும் பணயத் தீநிரல், இரண்டொரு நாளில் வயநாடு மாவட்டத்தின் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பத்தனம்திட்டை மாவட்டத்தின் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் கணினிகளைப் பூட்டிவிட்டது. பாலக்காட்டு இரயில்வே கோட்ட அலுவலகமும் தப்பவில்லை. கோப்புகளைத் திறந்துவிட 300 டாலரைப் பிட்காயினாகத் தரவேண்டும் என்று திரை கேட்டது. இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதத்திற்கு முன்பே, வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றிக்கொண்ட கணினிகள் தப்பின, ஏற்றிக்கொள்ளாதவை சிக்கின.

அடுத்த மாதமே வந்த 'நாட்பெட்யா' இன்னும் கடுமையானது; வல்லார்பாடம் போன்ற துறைமுக ஊருக்கு நெருக்கமானதும்கூட. உக்ரைன் நாட்டில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் மேம்படுத்தல் வழியாகவே அது 2017 ஜூன் 27 அன்று பரவத் தொடங்கியது. கணக்கு மென்பொருள் என்பதை வணிகர்கள் அடிக்கோடிட்டுப் படிக்கவேண்டும். மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. மும்பைக்கு அருகேயுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்தும் பெட்டக முனையத்திலும் வேலை நின்றது. ஏறத்தாழ 45,000 கணினிகளையும் 4,000 வழங்கிகளையும் பத்து நாளில் மீண்டும் முதலிலிருந்து நிறுவவேண்டியிருந்தது என்று அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் டாவோஸ் மாநாட்டில் கூறினார். இழப்பு 20 கோடி முதல் 30 கோடி டாலர் வரை. திருத்தம் ஏற்றப்பட்ட கணினிகளையும் அத்தீநிரல் வலைப்பின்னலுக்குள் திருடிய கடவுச்சொற்களைக்கொண்டு வீழ்த்தியது. ஆகவே மேம்படுத்தல் ஒன்றே காப்பு என்றும் சொல்வதற்கில்லை. வேறோர் இடத்தில் வைத்த நகல் இல்லையேல் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

இனிப் பள்ளிகள். கேரள அரசு 2001இல் 'ஐ.டி.@ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, கணினிக் கல்வி என்றால் விண்டோஸ் என்பதே எங்கும் வழக்கமாக இருந்தது. பாடநூல் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றி அமைந்தால், அந்நிறுவனத்தின் விற்பனையாளராகப் பள்ளி மாறிவிடாதா என்னும் கேள்வி அங்கே வலுவாக எழுந்தது. அதே 2001இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்திற்கு வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். ஆசிரியர்களிடையேயும் விவாதம் நடந்தது. மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. முதலில் இரண்டும் அருகருகே இருந்தன; பின்னர்ப் படிப்படியாக, பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வு உட்பட, எல்லாம் கட்டற்ற மென்பொருளுக்கே வந்துசேர்ந்தன. தேர்வு மாறியதுதான் உண்மையான திருப்புமுனை என்பது நம் கருத்து. பாடத்திட்டத்தில் இருப்பதைவிடத் தேர்வில் இருப்பதையே நம் நாட்டுப் பெற்றோர் மதிக்கின்றனர்.

அத்திட்டம் 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாற்றம் பெற்றது. டெபியன், உபுண்டு ஆகியவற்றை அடியாகக்கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை அவர்கள் தாமே தொகுத்து வெளியிட்டு வருகின்றனர். 2019இல் வந்த பதிப்பு உபுண்டு 18.04ஐயும், 2023இல் வந்த பதிப்பு உபுண்டு 22.04ஐயும் அடித்தளமாகக் கொண்டவை. வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, படங்களுக்கு கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும், எழுத்துக்கும் கணக்குத்தாளுக்கும் லிப்ரே ஆஃபீஸ், நிரல் எழுத ஸ்கிராட்ச்சும் பைத்தானும் என வேண்டியவை யாவும் அதிலேயே அடங்கியுள்ளன. உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகள் மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் பெற்றன. அவற்றிலும் ஓடுவது இதுவே.

2019இல் அப்பதிப்பை வெளியிட்டபோது, இத்தெரிவால் மாநிலத்திற்கு ரூ. 3,000 கோடி மிச்சம் என்று கைட் நிறுவனத்தின் நிருவாக இயக்குநர் கே. அன்வர் சாதத் கூறிய செய்தி நாடெங்கும் பரவியது. வணிகவியல் படித்தவர்களுக்குப் பெரிய எண்ணைக் கண்டால் அதைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க இயலாது. பிரித்தால் கிடைப்பது எளிய பெருக்கல்: 2 லட்சம் கணினிகள், ஒரு கணினிக்கு ரூ. 1.5 லட்சம். அந்த ஒன்றரை லட்சம் இயங்குதளத்தின் விலை மட்டும் அன்று. வடிவமைப்பு, ஒளிப்பட, அலுவலக, கல்வி மென்பொருள் அனைத்தையும் சந்தைப் பட்டியல் விலைக்கு வாங்கினால் ஆகும் தொகை அது. இரண்டு லட்சம் உரிமம் வாங்கும் ஓர் அரசு பட்டியல் விலையைக் கொடுக்குமா? கொடுக்காது. மேலும், பட்டியலிலுள்ள எல்லாவற்றையும் ஒவ்வொரு கணினிக்கும் வாங்கியிருக்கவும் மாட்டார்கள். எனவே 3,000 கோடியை மிச்சமான பணம் என்று கொள்வதைவிட, மிச்சத்தின் மேல்வரம்பு என்று கொள்வதே கணக்கு நெறி. மறுபக்கத்தில், ஆசிரியர்களைப் பயிற்றுவித்த செலவும், இயங்குதளத்தைத் தொகுத்துப் பேணும் பணியாளர் செலவும் உண்டு. இலவச மென்பொருள் என்பதில் உரிமத் தொகைதான் இலவசம்.

இவ்வளவு கழித்த பின்னும் கேரளத்தின் தெரிவு சரியே என்று கருதுகிறோம். உரிமத்திற்குச் செல்லவேண்டிய பணம் ஆசிரியரின் பயிற்சிக்குச் சென்றது; பயிற்சி மாநிலத்திலேயே தங்கியது. 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களில், பள்ளிக் கணினிகளைப் பேணுவதையே பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றனர். மொழியும் பயனடைந்தது. சுதந்திர மலையாளக் கணிமை என்னும் தன்னார்வக் குழுவினர் மலையாள எழுத்துருக்களை உருவாக்கி எவரும் பயன்படுத்துமாறு வழங்கினர். அக்குழுவின் வழியாகவே 'மீரா இனிமை' என்னும் அழகிய தமிழ் எழுத்துருவும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அண்டை வீட்டார் தம் வீட்டிற்குத் தோண்டிய கிணற்றில் நமக்கும் ஒரு குடம் நீர்.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. எல்காட் நிறுவனம் 2000களின் நடுவில், அதன் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் காலத்தில், அரசு அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்ற முனைந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடியாகக்கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் இரண்டுமே ஏற்றப்பட்டிருந்தன. கணினி திறக்கும்போது எது வேண்டும் என்று திரை கேட்கும். தெரிவை மாணவருக்கே விட்டது நல்லதாகத் தோன்றலாம். ஆனால் பாடமும் தேர்வும் பாஸைக் கேட்கவில்லை. தெருக்கோடிக் கணினிக் கடைக்காரருக்கும் அது தெரியாது. பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸையே அழுத்தினர். கேரளமும் தமிழ்நாடும் ஏறத்தாழ ஒரே மென்பொருளைத்தான் கொடுத்தன. சொல்லிக்கொடுக்க ஒருவர் அருகில் இருந்தாரா என்பதில்தான் வேறுபாடு. வீட்டிலும் முதலில் பார்க்கவேண்டியது அதுவே: சிக்கல் வந்தால் நாம் யாரைக் கேட்போம்?

மட்டாஞ்சேரியில் மளிகை மொத்த வணிகம் செய்யும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வைத்த வினா, இந்நகரில் பல வீடுகளுக்கும் பொதுவானது. "பொண்ணு ஒன்பதாவது படிக்குது சார். ஸ்கூல்ல லினக்ஸ்தானாம், வீட்லயும் அதைப் போடச் சொல்லுது. எனக்கு டேலி ஓடணும், ஜி.எஸ்.டி. போடணும். ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கு. எதைப் போடறது?"

இதற்கு விடை மகளின் பாடநூலிலேயே பாதி இருக்கிறது. கேரளத்தின் பள்ளிப் பாடநூல்கள் தமிழ் வழியிலும் அச்சாகின்றன. எந்த மொழியில் படித்தாலும் அதில் வரும் ஜியோஜீப்ரா, கிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆஃபீஸ், ஸ்கிராட்ச் ஆகிய யாவும் விண்டோஸிலும் இலவசமாகவே நிறுவக்கூடியவை. பெரும்பாலான பயிற்சிகளுக்கு மகள் லினக்ஸுக்கு மாறவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தந்தையின் நிலை அப்படியன்று. டேலி விண்டோஸுக்கென எழுதப்பட்டது. லினக்ஸில் அதை ஓட்டவைக்கச் சுற்றுவழிகள் உண்டு என்றாலும், ஆண்டுக் கணக்கை முடிக்கும் மார்ச் மாத இரவில் சுற்றுவழியை நம்பி அமர்வது வணிகருக்கு அழகன்று. ஜி.எஸ்.டி. தளமும் வருமான வரித் தளமும் உலாவியில் திறப்பவை, எதிலும் திறக்கும். மின்கையொப்பத்திற்கான யு.எஸ்.பி. வில்லை வைத்திருப்பவர், அதை வழங்கிய நிறுவனம் எந்தெந்த இயங்குதளத்திற்கு இயக்கி தருகிறது என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. எனவே பெரியவருக்கு நாம் சொன்னது: வணிகக் கணினி ஆதரவுள்ள விண்டோஸிலேயே இருக்கட்டும், பரண்மேல் பழைய மடிக்கணினி ஏதேனும் கிடந்தால் அதை மகளுக்கு லினக்ஸாக்கிக் கொடுங்கள். வணிகக் கணக்கும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே கணினியில் இருப்பதே நம் கண்ணுக்குப் பெரிய இடர். இரண்டு இயங்குதளத்தையும் ஒரே வட்டில் நிறுவ முடியும்தான். ஆயினும் நிறுவும்போது பிரிவுகளைத் தவறாக அழித்துவிட்டால் போவது டேலிக் கோப்பு.

பழைய கணினி என்று எதைச் சொல்கிறோம்? விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்தது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் இருந்தால்தான் முறைப்படி அது ஏறும். 2017இல் ரூ. 45,000க்கு ஏழாம் தலைமுறைச் செயலியுடன் ஒரு மடிக்கணினி வாங்கியதாகக் கொள்வோம். வருமான வரிச் சட்டம் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கிறது. நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மடிக்கணினியின் பயன்காலத்தை மூன்று ஆண்டு என்று கணிக்கிறது. குறையும் மதிப்பில் 40 விழுக்காடு கழித்துக்கொண்டே வந்தால், எட்டாம் ஆண்டு முடிவில் ஏட்டில் நிற்பது ரூ. 756. ஏடு சொல்வது அது. விசைப்பலகையும் திரையும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. சுழல்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வட்டு ஒன்றைப் பொருத்தி, நினைவகம் 8 ஜி.பி. ஆக இருக்குமாறு பார்த்துக்கொண்டால், லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைத் தாங்கி மேலும் சில ஆண்டு உழைக்கும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 24.04க்கு, வெளியான 2024 ஏப்ரல் தொடங்கி ஐந்தாண்டு மேம்படுத்தல் உறுதி. தனிப்பட்ட பயனுக்கு ஐந்து கணினிகள் வரை அதைக் கட்டணமின்றிப் பத்தாண்டாக நீட்டிக்கொள்ளவும் வழி உண்டு.

உடனே மாற மனம் இல்லாத விண்டோஸ் 10 பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அளித்திருக்கிறது. 30 டாலர் கட்டியோ, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அங்கே சேமிக்க இசைந்து கட்டணமின்றியோ அதில் சேரலாம். தவணையைத் தள்ளிப்போடுவதுதான் இது. தவணை தள்ளுபடி ஆகிவிடுவதில்லை.

ஆப்பிளின் மேக் கணினியைப் பற்றி நீண்டு சொல்ல வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் வந்த மேக்புக் ஏரின் தொடக்க விலை ரூ. 99,900. உறுதியும் மின்கல ஆயுளும் உண்மை. ஒளிப்படம், இசை, காணொளித் தொழிலில் இருப்பவர் அந்த விலையை ஈட்டிவிடக்கூடும். டேலி வைத்திருப்பவர் தயங்கவேண்டும். பழைய மேக்கை இரண்டாங்கையாக வாங்குவோர் அறியவேண்டியது ஒன்று: இன்டெல் செயலி கொண்ட மேக்குகளுக்கு 2025இல் வந்த 'டஹோ' பதிப்பே கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. குறைந்த விலைக்கு விளம்பரமாகும் இன்டெல் மேக் மலிவன்று. உலாவிக்கு மேல் எதுவும் தேவைப்படாத முதியவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் குரோம்புக் போதும். 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்தாண்டு மேம்படுத்தல் உண்டு.

தமிழில் எழுதுவது எதில் எளிது என்று கேட்போர் நம் வாசகரில் பலர். இருபதாண்டுக்கு முன் இது கண்ணீர்க் கதை. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம், ஒரு கணினியில் அடித்த கடிதம் மறு கணினியில் கட்டங்களாகத் தெரியும். ஒருங்குறி வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவருக்கும் மூன்றிலும் வழி உண்டு. மொழியின் பொருட்டு ஒன்றைத் தெரிந்து மற்றொன்றைத் தள்ளவேண்டிய காலம் போய்விட்டது.

இணைய வங்கிச் சேவைக்கு வருவோம். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் போன்ற உலாவியின் அண்மைப் பதிப்பு இருந்தால் எந்த இயங்குதளத்திலும் வங்கிக் கணக்கு திறக்கும். லினக்ஸ் என்றதும் அஞ்சும் வாடிக்கையாளரிடம் நாம் சொல்வதுண்டு: உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் லினக்ஸே, அதில்தான் அன்றாடம் யு.பி.ஐ. வழியே பணம் அனுப்புகிறீர்கள். உண்மையில் வீட்டுக் கணினியைவிட அக்கைப்பேசிக்கு மேம்படுத்தல் வருகிறதா என்பதே இன்று முதலில் பார்க்கத்தக்கது. லினக்ஸுக்கு நச்சுநிரல் வராது என்று சிலர் அடித்துச் சொல்வதையும் ஏற்பதற்கில்லை. 2024 மார்ச்சில் 'எக்ஸ்.இசட்.' என்னும் சிறு நிரற்தொகுப்பில், லினக்ஸ் உலகம் முழுவதற்கும் வாசல் திறந்துவிடக்கூடிய கள்ள வழி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. பரவலாகச் சென்றடையும் முன் ஒரு பொறியாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். வங்கியின் பெயரால் அழைத்து ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவனுக்கோ, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவனுக்கோ, நீங்கள் எந்த இயங்குதளம் வைத்திருக்கிறீர்கள் என்ற கவலையே இல்லை. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க்.இன்' என்று முடியும்படி மாற்றப்பட்டுள்ளன. முகவரியின் அந்த வாலைப் பார்த்த பிறகே கடவுச்சொல்லை உள்ளிடுங்கள். பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை உடனே அழையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நாம் கடுமையாகப் பேச விரும்புவது, சில நூறு ரூபாய்க்குக் கடையில் ஏற்றித்தரப்படும் உரிமமற்ற விண்டோஸைப் பற்றி. உரிமம் கேட்பதை நிறுத்துவதற்கென்று அதனோடு ஒரு சிறுநிரலையும் ஓட்டுவார்கள். அது ஓடுவதற்காக நச்சுநிரல் தடுப்பானை முதலில் அணைத்துவிடுவார்கள். முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்து, காவலாளியையும் வெளியே அனுப்பிவிட்டு, அதே கணினியில் நாம் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். உரிமத்திற்குப் பணம் இல்லையென்றால் லினக்ஸ் இருக்கிறது; விண்டோஸ்தான் வேண்டுமென்றால் உரிமத்தோடு வரும் கணினியை வாங்கலாம். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாம் வழி ஒன்று இல்லை.

லினக்ஸைப் பார்க்க எதையும் அழிக்கவேண்டியதும் இல்லை. 8 ஜி.பி. அளவுள்ள விரலி ஒன்றில் உபுண்டு, மின்ட் அல்லது கைட் பதிப்பின் கோப்பை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம்; உள்ளிருக்கும் வட்டைத் தொடாமலே முழு இயங்குதளமும் திரையில் வந்து நிற்கும். கைட் பதிப்பு பள்ளிகளுக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம். வீடுகளும் அச்சு வடிவமைப்பகங்களும் பயன்படுத்தலாம் என்று கூறியே அது வெளியிடப்பட்டது. பொதுமக்களுக்கு இலவசமாக நிறுவித்தரும் முகாம்களும் கேரளத்தில் நடப்பதுண்டு. விரலியிலிருந்து தொடங்கியதும் வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, வீட்டு அச்சுப்பொறி ஒரு தாளை அச்சிடுகிறதா என்று பாருங்கள். எச்.பி. போன்ற சில நிறுவனங்கள் லினக்ஸுக்கும் இயக்கி தருகின்றன. எல்லா நிறுவனங்களும் தருவதில்லை. மின்கையொப்ப வில்லை இருந்தால் அதையும் செருகிப் பார்க்கலாம். ஒரு வாரம் மாலை வேளைகளில் இப்படியே பயன்படுத்திய பின் நிறுவுவதென்று முடிவெடுத்தால், அதற்கு முந்தைய நாள் ஒளிப்படங்கள், வரித் தாக்கல் நகல்கள், டேலித் தரவு ஆகியவற்றை வெளிவட்டு ஒன்றில் படியெடுங்கள். அந்த வெளிவட்டை வேறொரு கணினியில் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, பிறகு 'நிறுவு' என்னும் பொத்தானை அழுத்துங்கள்.